சந்தா பாக்கி வைத்தவரின் அடக்கம்: வடசென்னைப் பங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இறந்தவர் ஆட்டோ ஓட்டுநர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ராயபுரம், காசிமேடு பக்கம் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே புதுநன்மை எனும் முதல் நற்கருணையும் வாங்கியவர். இளம் வயதில் ஓர் இந்துப் பெண்ணை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணம் கோயிலில் மந்திரிக்கப்படவே இல்லை, அதாவது குருவின் முன் ஆசீர்வதிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு பூசைக்கு வரவில்லை, சந்தா கட்டவில்லை, மகளுக்கு ஞானஸ்நானமும் கொடுக்கவில்லை. பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினால் இப்படி ஓர் ஆள் இருந்ததற்கான அடையாளமே கிடையாது.

ஆனால் செவ்வாய்க்கிழமை தவறமாட்டார். பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெருவில் இருக்கிற அந்தோணியார் கோயிலுக்கு அன்றைக்கு எவ்வளவு கூட்டம் வரும், அதில் எத்தனை பேர் கிறிஸ்தவர்களே இல்லை என்பதெல்லாம் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆட்டோவை எங்காவது ஓரங்கட்டிவிட்டு, ரொட்டி வாங்கி வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் சவாரிக்குப் போய்விடுவார். ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா, மறுபக்கம் மனைவிக்காக முருகன்.

நான் அப்போது அந்தப் பங்குப் பேரவையில் உறுப்பினர். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் எழுதுகிறேன். நற்செய்தி அறிவிப்பு பற்றிய கருத்தரங்குகளில் தியானக் கூட்டம், தொலைக்காட்சி, யூடியூப் சேனல் என்றுதான் பேச்சு ஓடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் ஒரு பங்கு உண்மையில் எதை அறிவிக்கிறது என்பது, அது ஒருவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டி வரும்போது தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். இந்த ஓர் அடக்கத்தில் அப்படிப் பல இடங்கள் வந்தன. ஒரு ‘முடியாது’ வாபஸ் வாங்கப்பட்டது. ஒன்று நன்றாகச் சொல்லப்பட்டது. இன்னொன்றைச் சொல்லியே இருக்கக் கூடாது.

அலுவலக மேசை

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது காலையில். பத்து மணி வாக்கில் அண்ணன் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். அவர் ஒழுங்காகக் கோயிலுக்கு வருபவர், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் குழுவில் இருப்பவர். கல்லறையில் இடம் கேட்பதற்குப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்தார், பெயர் இல்லை. கல்யாணம் மந்திரிக்கவில்லை என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். “விட்டுப்போன சந்தாவுக்கு ஏதாவது ஒரு தொகை கட்டிட்டு, அன்பியத் தலைவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஆனா கோயிலுக்குள்ள பூசை கிடைக்குமான்னு ஃபாதர்தான் சொல்லணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த அலுவலரைக் குறை சொல்வது சுலபம். அவர் சொன்னதெல்லாம் பேரவையில் நாங்கள் உட்கார்ந்து போட்ட விதிகள். உபதேசியாரின் சம்பளம், கரண்ட் பில், மழைக்கு ஒழுகும் கூரை எல்லாம் சந்தாவில்தான் ஓடுகின்றன. மீன்கூடை தூக்கும் பெண்கள் மாதாமாதம் முடிந்துவைத்துக் கட்டும் பணம் அது. கட்டாதவரைக் கேட்பதற்குப் பங்குக்கு வேறு வழி தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்க முடியாததைச் சாவு வீட்டில் கேட்டுவிடலாம் என்ற கணக்கு எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. எங்கள் பங்கில் மட்டும் நடப்பதல்ல இது. தமிழ்நாட்டில் எந்தப் பங்கில் கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும்.

அண்ணன் வீடு திரும்புவதற்குள் மாற்று யோசனைகள் வந்துவிட்டன. அடுத்த தெரு ஜெப வீட்டுப் பாஸ்டர், தானே வந்து அடக்கம் செய்வதாகச் சொல்லி அனுப்பினார். மனைவி வீட்டார், “எதுக்கு இவங்க கால்ல விழணும், மூலக்கொத்தளம் மயானத்துக்குக் கொண்டுபோயிடலாம்” என்றார்கள். அண்ணனுக்குக் கோபமும் அவமானமும். “நான் இத்தனை வருஷமா கட்டின சந்தாவுக்கு என் தம்பிக்கு ஆறடி இல்லையா?” என்று வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது.

பங்குத்தந்தை அன்று வேறொரு பங்கில் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போயிருந்தார். மாலை திரும்பி, விஷயம் தெரிந்ததும் அலுவலகத்திலேயே நின்றபடி கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சந்தா என்ற பேச்சையே எடுக்கவில்லை. பேரவையில் இருந்த ஒருவர், “கல்யாணம் மந்திரிக்காதவருக்குக் கோயில்ல பூசை வைக்கலாமா ஃபாதர், சட்டத்தில் இடம் இருக்கா?” என்று கேட்டார். கேட்டது நியாயம்தான்.

இடம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1176ஆம் எண், விசுவாசிகளுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு செய்யப்பட வேண்டும் என்கிறது. யாருக்கு மறுக்கலாம் என்பது 1184இல் வருகிறது. விசுவாசத்தை வெளிப்படையாகத் துறந்தவர்கள், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு தகனத்தைத் தேர்ந்தவர்கள், யாருக்கு அடக்கம் செய்தால் மக்களுக்கு இடறலாகுமோ அப்படிப்பட்ட வெளிப்படையான பாவிகள். அவர்களும் சாவதற்கு முன் மனம்திரும்பியதற்கு ஏதாவது ஓர் அடையாளம் காட்டியிருந்தால் மறுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆயரைக் கேட்க வேண்டும். 1181ஆம் எண், ஏழைகளுக்கு உரிய அடக்கம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர், சந்தா கட்டாதவர் என்றெல்லாம் ஒரு வகையும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் அலுவலக மேசை சட்டத்தைவிடக் கறாராக இருந்திருக்கிறது. இரக்கம் காட்டச் சட்டத்தை வளைக்க வேண்டிய அவசியமே அன்று வரவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013 நவம்பரில் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்ற ஏட்டில், 47ஆம் பத்தியில், திருச்சபை ஒரு சுங்கச்சாவடி அல்ல, சுமையோடு வரும் ஒவ்வொருவருக்கும் இடம் உள்ள தந்தையின் வீடு என்று எழுதியிருக்கிறார். பரனூர், வானகரம் சுங்கச்சாவடிகளைத் தாண்டிப் போய்வருகிற நமக்கு விளக்கவுரை தேவைப்படாத வரி. அதே பிரான்சிஸ் இரக்கத்தின் யூபிலி ஆண்டைத் தொடங்கியது 2015 டிசம்பர் 8ஆம் தேதி. சென்னை பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்த வாரம் அது. வீடு வீடாகச் சேறு அள்ளிக்கொண்டிருந்த நகரத்தில் அந்த ஆண்டு முழுக்க மேடைகளில் இரக்கம் பற்றிப் பேசினோம், புனிதக் கதவைக் கடந்து ஜெபித்தோம். அலுவலக மேசையில் ஒட்டியிருந்த விதிகளை மட்டும் யாரும் எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை.

மரண கானா ராத்திரி

சாமியானா போட்டாகிவிட்டது. ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரைத் தெருமுனைவரை ஒட்டிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் கானா தொடங்கியது. மரண கானாவைப் பற்றி வடசென்னைக்கு வெளியே இருப்பவர்கள் பலவிதமாக நினைக்கிறார்கள். துக்க வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியவர்களைத் தூங்கவிடாமல், அழ வேண்டியவர்களை அழ வைத்து, இடையில் சிரிக்கவும் வைத்து விடியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. இறந்தவரைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டு அங்கேயே வரி கட்டிப் பாடுவார்கள்.

ஜெபமாலை சொல்ல வந்த அன்பியப் பெண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். ஒலிபெருக்கியில் கானா ஓடுகிற இடத்தில் மணிச் செபம் எப்படி என்று அவர்களுக்குத் தயக்கம். நிறுத்தச் சொல்லட்டும் என்று பங்குத்தந்தையைப் பார்த்தார்கள். அவர் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தபடி இரண்டு பாட்டு கேட்டார். அதில் ஒன்று செவ்வாய்க்கிழமை ரொட்டியைப் பற்றியது. மீட்டர் போடாமல் பிரசவத்துக்குக் கூட்டிப்போன கதை, அந்தோணியார் கோயில் வாசலில் இவர் வந்தால் எழுந்து நிற்கும் கிழவிகள், எல்லாம் அதில் வந்தன. எங்களில் பலருக்கு அந்த ரொட்டி விஷயமே அப்போதுதான் தெரியும். பாடிய பையன் கிறிஸ்தவன் அல்ல.

பாட்டு முடிந்ததும் ஃபாதர் அவன் பக்கத்தில் போய், “தம்பி, ஒரு அரைமணி நேரம் எங்களுக்குத் தர்றியா? அப்புறம் நீ தொடரு” என்றார். அவன் மைக்கையே கொடுத்துவிட்டான். ஜெபமாலையில் முதல் பத்து மணி முடிவதற்குள் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

மறுநாள் அடக்கப் பூசையில் பிரசங்கம் ஐந்து நிமிடம்கூட இல்லை. மத்தேயு 25ஆம் அதிகாரம், பசியாக இருந்தேன், எனக்கு உண்ணக் கொடுத்தீர்கள் என்ற பகுதி. “நேத்து ராத்திரி பாடின தம்பி எனக்கு முன்னாடியே இதுக்குப் பிரசங்கம் வெச்சிட்டாரு” என்று தொடங்கி, ரொட்டியைச் சொல்லி, முடித்துக்கொண்டார். கோயிலுக்குள் கடைசி வரிசையில் நின்றிருந்த அந்தப் பையன் பக்கத்திலிருந்தவர்களைப் பெருமையோடு பார்த்ததை நான் கவனித்தேன்.

மக்களின் எளிய பக்தியே ஒரு நற்செய்தி அறிவிப்புச் சக்தி என்று பிரான்சிஸ் அதே ஏட்டில் 122 முதல் 126 வரையான பத்திகளில் எழுதுகிறார். 2007இல் பிரேசிலின் அப்பரெசிதாவில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடியபோது அறிக்கை தயாரிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். அங்கிருந்து வந்த சிந்தனை அது. எங்கள் ஊருக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கடம் வருகிறது. செவ்வாய்க்கிழமைக்காரரைப் பதிவதற்கு எங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் காவி உடுத்தி வெறுங்காலில் நடந்து வருகிறவர்களுக்கும் எந்தப் பங்கிலும் கட்டம் இல்லை. அவர்கள் வருகிறார்கள் என்பதில் நமக்குப் பெருமை. அவர்கள் செத்தால் கடிதம் உண்டா என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

மைத்துனரின் கேள்வியும் வாய்க்கரிசியும்

ராத்திரியே இன்னொன்றும் நடந்தது. இறந்தவரின் மைத்துனர் ஃபாதரைத் தனியாகக் கூப்பிட்டு, “இதை வெச்சு எங்க தங்கச்சியையும் பொண்ணையும் மதம் மாத்திடுவீங்களா?” என்று நேராகக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட மாநிலம் இது. அந்தச் சந்தேகம் சட்டத்தோடு போய்விடவில்லை. ஃபாதர் சொன்னது: “உங்க மச்சான் எங்க வீட்டுப் பிள்ளை, அடக்கம் பண்ண வந்திருக்கேன். உங்க தங்கச்சி என்ன பண்ணணும்னு அவங்கதான் சொல்லணும். இப்போ அவங்களுக்கு வேற என்ன தேவைன்னு சொல்லுங்க.” மைத்துனர் உடனே, வாய்க்கரிசி போடவிட வேண்டும் என்றார்.

வீட்டில், உடலை எடுப்பதற்கு முன், முதலில் அவர்கள் முறை, பிறகு நம் ஜெபம் என்று முடிவானது. மனைவியும் உறவுக்காரர்களும் அரிசி போட்டார்கள். அண்ணன் வீட்டுக் கத்தோலிக்கர்களும் வரிசையில் வந்து போட்டதுதான் வேடிக்கை. கேட்டால் பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம் என்றார்கள். அது முடிந்ததும் ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபித்தார்.

எந்த ஊர் வழக்கத்தைத் திருச்சபை ஏற்கலாம் என்ற இந்தச் சண்டை நானூறு வருடப் பழசு. தமிழ்த் துறவியின் கோலத்தில் மதுரையில் வாழ்ந்த தத்துவ போதகர் என்ற இத்தாலியச் சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியின் முறைக்கு 1623இல் உரோமை ஒப்புதல் கொடுத்தது. அவர் 1656இல் கண்மூடியது நம் மயிலாப்பூரில்தான். அப்புறம் காற்று மாறியது. திருத்தந்தையின் தூதராக வந்த துர்னோன் (பிற்பாடு கர்தினால் ஆனவர்) 1704இல் புதுச்சேரியில் இருந்துகொண்டு பல தமிழ் வழக்கங்களுக்குத் தடை போட்டார். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அதை உறுதிப்படுத்தினார். இந்தத் தடைகளைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி நீங்கியது 1940இல்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் இந்தியாவுக்கென்று பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களுக்கு அனுமதி கிடைத்தது. கைகூப்பி வணங்குதல், காலணி கழற்றுதல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி என்று போகும் பட்டியல். அது நல்ல விஷயம்தான். ஆனால் பண்பாட்டோடு உறவு என்றாலே குத்துவிளக்கு ஏற்றி ஆரத்தி எடுப்பது என்று நாம் சுருக்கிக்கொண்டுவிட்டோம். விளக்கு கோயிலுக்குள் வருவது எளிது. சாவு வீட்டுக்குள் கோயில் போய் உட்கார்வதுதான் கஷ்டம், அங்கே யார் முறை முதலில் என்று பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

நற்கருணை வரிசை

பூசை தொடங்குவதற்கு ஒரு கால்மணி நேரம் முன்பு ஃபாதர் மேலங்கி போடாமல் வெறும் அங்கியோடு இறங்கி வந்து, முதல் பெஞ்சில் இருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இருந்த எனக்குப் பேச்சு காதில் விழுந்தது.

“அம்மா, பூசை நடுவுல எல்லாரும் வரிசையா போய் அப்பம் வாங்குவாங்க. அது ஞானஸ்நானம் வாங்கி, அந்த விசுவாசத்துல இருக்கிறவங்களுக்கு. அதை உங்களுக்கு என்னால தர முடியாது. ஆனா நீங்களும் பாப்பாவும் முதல்ல வாங்க. கையை இப்படி நெஞ்சுல குறுக்க வெச்சிக்கங்க. தலையில கை வெச்சு ஜெபிக்கிறேன்.”

அந்த அம்மா, “அவரு இருந்தப்பவே நான் அரண்மனைக்காரத் தெருவுல வாங்க மாட்டேன் ஃபாதர், எனக்குத் தெரியும். பாப்பாவுக்குச் சொல்லிடறேன்” என்றார்.

நேரம் வந்தபோது மகள் மறந்துபோய் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். ஃபாதர் பாத்திரத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு, நீட்டிய அந்தக் கைகளை வலக்கையால் மெல்ல மூடி, அப்படியே தலையில் கை வைத்து, பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கும் அளவுக்கு நேரம் எடுத்து ஜெபித்தார். வழக்கமாக எங்கள் கோயிலில் இந்த இடத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புதான் வரும். தகுந்த தயாரிப்புள்ள கத்தோலிக்கர்கள் மட்டும் என்று. அறிவிப்பு சொல்வது சரியான போதனை. கேட்கிறவர் கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி உணர்வார். அன்றைக்கும் போதனையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முன்னாடியே, முகம் பார்த்து, தனியாகச் சொல்லப்பட்டது. இரக்கம் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்களுக்கும், இரக்கம் பேசினால் போதனை கரைந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கும் நான் காட்ட விரும்புவது இந்த ஒரு காட்சியைத்தான்.

வாசலில் நின்ற மேளம்

இனிச் சொல்லப்போவது நன்றாக நடக்காதது. வீட்டிலிருந்து சாவு மேளத்தோடு ஊர்வலம் வந்தது. அடித்தவர்கள் பக்கத்துக் குடியிருப்பின் தலித் இளைஞர்கள். இறந்தவரின் சவாரிக் கூட்டாளிகள், காசு வாங்காமல் அடித்தவர்கள். வளாகத்தின் வாசலில் அன்பியத் தலைவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “கோயில் வளாகத்துக்குள்ள சாவு மேளம் கூடாது.” மேளம் நின்றது. அடித்தவர்களும் வெளியிலேயே நின்றார்கள், பூசை முடியும்வரை.

அமைதி கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பூசைக்குள் மேளம் அடிக்க யாரும் கேட்கவில்லை. வளாகத்துக்குள் வந்து நிறுத்திவிட்டு, மேளத்தைக் கழற்றி வைத்து உள்ளே உட்கார்ந்திருக்கலாம். பொங்கல் விழாவில் இதே பறை எங்கள் மேடையில் ஏறுகிறது, இளைஞர் குழு நீலச் சட்டை போட்டு அடிக்கிறது, கைதட்டுகிறோம். சாவு மேளமாக, அடிக்க வேண்டியவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் கையில் வரும்போதுதான் வாசல் ஞாபகம் வருகிறது. இது சாதி. வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

ஃபாதருக்குத் தெரியும். சவப்பெட்டியை எதிர்கொள்ள வாசலுக்கு வந்தவர், மேளக்காரர்களைப் பார்த்தார், அன்பியத் தலைவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளே போனார். பிறகு நான் கேட்டபோது, அண்ணன் குடும்பத்துக்கு முன்னால் அந்த நேரத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. முந்தின ராத்திரி கானாவுக்குக் காட்டிய துணிச்சலில் பாதி இதற்குப் போதும்.

இதற்கும் அந்தப் பழைய வரலாற்றில் ஒரு வேர் இருக்கிறது. துர்னோனின் 1704 ஆணையில், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. தமிழ் வழக்கங்களுக்காக வாதாடிய அதே சேசு சபையினர், உயர்சாதியார் விலகிப்போவார்கள் என்று அதிலிருந்து விலக்குக் கேட்டார்கள். கடைசியில் 1744இல் பறையர்களுக்கென்று தனியாக மறைப்பணியாளர்களை வைத்துக்கொள்வது என்று முடிந்தது. பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்லும்போது எதை மதிக்கிறோம் என்று தனித்தனியாகப் பார்க்காவிட்டால் சாதியும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும். வாய்க்கரிசியை ஏற்பதும் சாவு மேளக்காரரை வாசலில் நிறுத்துவதும் ஒரே நாளில் ஒரே கோயிலில் ‘ஊர் வழக்கம்’ என்ற ஒரே பெயரில் நடந்தன.

பிறகு

அந்த அம்மா இந்துவாகவே இருக்கிறார். செவ்வாய்க்கிழமை ரொட்டியை இப்போது அவர் கொடுக்கிறார், மகள் சில நாள் கூடப் போகிறாள். முப்பதாம் நாள் பூசைக்கு மைத்துனரும் வந்திருந்தார். பாடிய பையன் கிறிஸ்துமஸ் குடில் போட இளைஞர் குழுவோடு சேர்ந்து வேலை செய்தான். இதையெல்லாம் அறுவடைக் கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை. திருச்சபை ஆள் பிடிப்பதால் வளர்வதில்லை, ஈர்ப்பினால்தான் வளர்கிறது என்று பதினாறாம் பெனடிக்ட் சொன்னதை பிரான்சிஸ் தம் ஏட்டில் எடுத்தாள்கிறார். ஈர்க்கப்பட்டவர் எங்கே வந்து நிற்பார் என்பது நம் கையில் இல்லை.

உள்ளே எழுந்த எதிர்ப்புதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அடுத்த பேரவைக் கூட்டத்தில், மீன் விற்கும் ஓர் அக்கா எழுந்தார். “கூடை தூக்கிக் கட்டறேன் ஃபாதர். கட்டாதவருக்கும் அதே கல்லறை, அதே பூசைன்னா நான் எதுக்குக் கட்டணும்?” லூக்கா 15இல் வரும் மூத்த மகனின் கேள்வி இது. அந்த உவமையில் மூத்தவன் கடைசியில் வீட்டுக்குள் வந்தானா என்று சொல்லப்படவே இல்லை. ஃபாதர் உவமையைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. “சரி, நாங்க கட்டறது எங்க போகுதுன்னாவது போர்டுல எழுதிப் போடுங்க” என்றார். அது நியாயமான பேரம். இப்போது மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. விதியும் மாறியது. சாவுச் செய்தி அலுவலகத்துக்கு அல்ல, நேராகப் பங்குத்தந்தையின் கைபேசிக்குப் போக வேண்டும். கடிதம் அன்றே, எந்தக் கேள்வியும் பணமும் இல்லாமல். சந்தா பற்றிப் பேசுவதாக இருந்தால் முப்பதாம் நாள் கழிந்த பிறகுதான்.

அந்த ஃபாதருக்கு இடமாற்றம் வந்து போய்விட்டார். புதியவர் வந்து விதியைப் படித்தார், மாற்றவில்லை. மேளம் பற்றிய பேச்சு மட்டும் எழும்போதெல்லாம் ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகிறது. இந்த முறை அதை எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். மீன் விற்கும் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அண்ணனும் போட்டிருக்கிறார். அன்று வாசலில் நிறுத்திய அன்பியத் தலைவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.